உழவர் நிறுவனத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள்: தேர்வு செய்வது எப்படி?

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. தனி விவசாயி ஒருவர் கணக்குப் பார்க்காமல் விட்டால் அதனால் வரும் நட்டம் அவர் குடும்பத்தோடு போகும். ஆனால் ஐந்நூறு விவசாயிகள் பங்குப் பணம் போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கு சரியில்லை என்றால், நட்டம் ஐந்நூறு வீட்டுக்கும் போகும். பணத்தைவிட முதலில் போவது நம்பிக்கை.

விவசாயிகளே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு நம் நாட்டில் 2003 முதல் சட்ட வழி உண்டு. 2020-ல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கிய பின் இவற்றின் எண்ணிக்கை பெருகியது. உரக்கடை, கொள்முதல் நிலையம், பருப்பு உடைக்கும் ஆலை, செக்கு எண்ணெய் என்று தொழில் விரியும்போது நோட்டுப் புத்தகம் போதாமல் போகிறது. அப்போது மென்பொருள் விற்பவர்கள் வருகிறார்கள். "எதை வாங்கலாம், ஐயா?" என்பது இப்போது எங்கள் பயிற்சிகளில் இயக்குநர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கசப்பான அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் மக்காச்சோளம் கொள்முதல் செய்யும் ஓர் உழவர் நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். அந்த ஆண்டுதான் அவர்கள் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். நகரத்து மொத்த வியாபாரிகளுக்காகச் செய்யப்பட்ட மென்பொருள் அது. அதை வாங்கலாம் என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

கூட்டத்தில் வயதான உறுப்பினர் ஒருவர் எழுந்தார். மேலாளரைப் பார்த்து, "தம்பி, போன பட்டத்துல நான் போட்ட மக்காச்சோளம் எத்தனை கிலோ? ஈரத்துக்குக் கழிச்சது எத்தனை? உரத்துக்குப் பிடிச்சது போக எனக்கு நிக்கிற பாக்கி எவ்வளவு? இந்த மூணுக்கும் ஒரு தாள்ல பதில் குடுங்க, போதும்" என்றார்.

மேலாளர் அரை மணி நேரம் கணினியைத் தட்டினார். மக்காச்சோளம் போட்டவர் என்ற முறையில் பெரியவர் பெயர் ஒரு பேரேட்டில் இருந்தது. உரம் வாங்கியவர் என்ற முறையில் வேறொரு பேரேட்டில் இருந்தது. ஈரக் கழிவு இரண்டிலும் இல்லை. அது மேலாளரின் சட்டைப்பைக் குறிப்பேட்டில் இருந்தது. போதாக்குறைக்கு அதே பெயரில் அந்த ஊரில் நான்கு உறுப்பினர்கள். பதில் வரவில்லை. கூட்டம் முணுமுணுப்போடு கலைந்தது. அடுத்த பட்டத்தில் பலர் தங்கள் விளைச்சலைப் பழைய வியாபாரியிடமே போட்டுவிட்டார்கள்.

பின்னர் உட்கார்ந்து சரிபார்த்தோம். யாரும் ஒரு பைசாவும் எடுக்கவில்லை. பணமெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் சரியாக இருக்கிறது என்று உரிய நேரத்தில் காட்ட முடியவில்லை. அன்று முதல் மென்பொருள் பற்றி யார் கேட்டாலும் அந்தப் பெரியவரின் மூன்று கேள்விகளைத்தான் முதலில் சொல்லி வருகிறேன்.

முதலில் உங்கள் வேலையை எழுதுங்கள்

மண்ணைப் பார்க்காமல் இரகத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டோம். அதுபோல் நம் நிறுவனத்தில் நடக்கும் வேலையை எழுதிப் பார்க்காமல் மென்பொருளைத் தேடக் கூடாது. ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. உறுப்பினர்கள் எத்தனை பேர்? கொள்முதல் நிலையங்கள் எத்தனை?
2. என்னென்ன வாங்குகிறோம், என்னென்ன விற்கிறோம்?
3. ஒரு நாளில், குறிப்பாக அறுவடை மாதத்தில், எத்தனை சீட்டுகள் எழுதுகிறோம்?
4. கடன் எங்கே கொடுக்கிறோம், எப்படிப் பிடித்தம் செய்கிறோம்?
5. கணினியில் பதிவது யார்? அவர் விடுப்பில் போனால் யார்?
6. எங்கெங்கே மின்சாரமும் இணையமும் அடிக்கடி தடைப்படுகின்றன?

இந்தத் தாள் கையில் இல்லாமல் விற்பனையாளரைச் சந்தித்தால் அவர் காட்டுவதையெல்லாம் பார்த்து மயங்கி நிற்போம். நமக்குத் தேவையானதைக் கேட்க மறந்துவிடுவோம்.

ஒருவருக்கு ஒரே கணக்கு

சாதாரணக் கடைக்கு விற்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். உழவர் நிறுவனத்தில் அப்படியல்ல. உரம் வாங்கும்போது விவசாயி நம் வாடிக்கையாளர். மக்காச்சோளம் கொண்டுவரும்போது நமக்குச் சரக்குத் தருபவர். பங்கு வைத்திருப்பதால் உரிமையாளர். இந்த மூன்று முகமும் ஒரே உறுப்பினர் எண்ணின் கீழ் வர வேண்டும். வியாபாரிகளுக்கான பல மென்பொருள்கள் இவற்றைத் தனித்தனிப் பேரேடுகளில் வைப்பதால்தான் மேற்கூறிய சிக்கல் வந்தது. எனவே, "ஒரே உறுப்பினரின் வரவு, பற்று, பங்கு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் அச்சிட்டுக் காட்டுங்கள்" என்பதே விற்பனையாளரிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இது வெறும் வசதிக்காக அல்ல. உற்பத்தியாளர் நிறுவனத்தில் உபரியைப் பகிரும்போது, பங்கு எத்தனை என்பதைப் பார்த்து மட்டும் பகிர்வதில்லை. நிறுவனத்தோடு யார் எவ்வளவு வரவு செலவு செய்தார் என்பதைப் பார்த்துப் பங்கேற்பு ஊக்கத்தொகை வழங்கச் சட்டம் இடம் தருகிறது. உறுப்பினர் வாரியாக ஓராண்டுக் கொள்முதலும் விற்பனையும் கையில் இல்லை என்றால் இந்தத் தொகையைக் கணக்கிடவே முடியாது. தீவிர உறுப்பினர் யார் என்பதையும் நிறுவன விதிகளில் சொன்ன அளவும் காலமும் கொண்டுதான் முடிவு செய்கிறோம். அதற்கும் இதே கணக்குத்தான் ஆதாரம்.

உறுப்பினர் பெயருடன் தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், உறுப்பினர் எண் ஆகியவற்றைப் பதிவது கட்டாயம். சீட்டு தமிழில் அச்சாக வேண்டும். தமிழ் எழுத்துகள் யூனிகோடு முறையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பழைய எழுத்துரு முறையில் பதிந்தால், பின்னாளில் வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது உறுப்பினர் பெயர்கள் படிக்க முடியாத குறிகளாக மாறிவிடும்.

ஈரக் கழிவைக் கணிக்கத் தெரிய வேண்டும்

மக்காச்சோளத்துக்கு ஏற்கப்படும் ஈரப்பதம் 14 சதம். ஓர் உறுப்பினர் 18 சத ஈரத்துடன் 2,000 கிலோ கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் நீர் நீங்கலாக உள்ள உலர் பொருள் 82 சதம், அதாவது 1,640 கிலோ. 14 சத ஈரம் உள்ள சரக்கில் உலர் பொருள் 86 சதம் இருக்கும். எனவே 1,640-ஐ 0.86-ஆல் வகுத்தால் 1,907 கிலோ வரும். கழிவு 93 கிலோ.

பதினெட்டிலிருந்து பதினான்கைக் கழித்து, 4 சதம் என்று எடுத்தால் கழிவு 80 கிலோதான். இரண்டுக்கும் வித்தியாசம் 13 கிலோ. கிலோ ரூ.22 என்றால் ரூ.286. எந்த முறையைப் பின்பற்றுவது என்பதை இயக்குநர் குழு முன்கூட்டியே முடிவு செய்து, உறுப்பினர்களுக்கு அறிவித்து, எல்லோருக்கும் ஒன்றுபோல் நடைமுறைப்படுத்த வேண்டும். மென்பொருளில் அந்தச் சூத்திரத்தை ஒருமுறை பதிந்துவிட்டால், ஒவ்வொரு சீட்டிலும் வந்த எடை, ஈரப்பதம், கழிவு, நிகர எடை ஆகிய நான்கும் தனித்தனியாக அச்சாக வேண்டும். நிகர எடையை மட்டும் பதியும் மென்பொருள் நமக்கு உதவாது.

இதே உறுப்பினரின் கணக்கைத் தொடர்ந்து பார்ப்போம். விலை கிலோவுக்கு ரூ.22. அதில் ரூ.21 உடனே தருவது, ஒரு ரூபாயை நிறுத்திவைத்துப் பின்னர் தருவது என்பது நிறுவனத்தின் முடிவு. அவ்வாறு விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க உற்பத்தியாளர் நிறுவனச் சட்டத்தில் வழி உண்டு. 1,907 கிலோவுக்கு உடனடித் தொகை ரூ.40,047. விதை, உரக் கடன் ரூ.9,600 பிடித்தம். வங்கிக்குச் செல்வது ரூ.30,447. நிறுத்திவைத்த தொகை ரூ.1,907. பெரியவர் கேட்ட மூன்று கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. இந்த ஒரு கணக்கைத் திக்கித் திணறாமல் போட்டுக் காட்டும் மென்பொருளை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வரி, அளவு, காலாவதி

இடுபொருள் கடை நடத்தும் நிறுவனங்கள் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். விதைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, உரத்துக்கு 5 சதம், இரசாயனப் பூச்சிக்கொல்லிக்கு 18 சதம். டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் போன்ற உயிரியல் மருந்துகளுக்கு 12 சதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதமாகக் குறைந்தது. பருப்பைச் சில்லறையாக நிறுத்து விற்றால் வரி இல்லை. அதையே 25 கிலோ வரையிலான பைகளில் அடைத்து விவரச்சீட்டு ஒட்டி விற்றால் 5 சதம். இந்த விதி 2022 ஜூலை 18-ல் வந்தது. வரி மாறும்போது மாறிய தேதியோடு புதிய விகிதத்தை நாமே பதிய முடிய வேண்டும். பழைய பில்கள் பழைய விகிதத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பெனி ஆளை அழைத்துக் கூலி கொடுக்க நேர்ந்தால் கட்டுப்படியாகாது.

அளவு முறையும் முக்கியம். யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. மக்காச்சோளத்தைக் கிலோவில் வாங்கி டன்னில் விற்போம். இந்த மாற்றங்களை மென்பொருளே செய்ய வேண்டும். பூச்சிமருந்துக்குத் தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் பதிந்து, முதலில் காலாவதியாவதை முதலில் விற்க நினைவூட்ட வேண்டும். மானிய உரத்தை அரசு தந்த விற்பனை இயந்திரத்தில் பதிந்தே விற்கிறோம். எந்த மென்பொருளை வாங்கினாலும் அந்தப் பதிவு தொடரும். ஆகவே மாலையில் இயந்திர இருப்பு, மென்பொருள் இருப்பு, கிடங்கு இருப்பு மூன்றையும் ஒப்பிடும் பழக்கம் வேண்டும்.

சட்டம் கேட்பவை

நம்முடையது பதிவு பெற்ற நிறுவனம் என்பதை மறக்கக் கூடாது. மென்பொருளில் கணக்கு வைக்கும் எந்த நிறுவனமும், 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தமும் தானாகப் பதிவாகும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். 1,907 கிலோ என்று பதிந்ததை ஒருவர் 1,970 என்று மாற்றினால், அந்த மாற்றமும் அது செய்யப்பட்ட தேதியும் அழியாமல் நிற்க வேண்டும். இந்த வசதியை யாரும் நிறுத்திவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். இதைத் தணிக்கையாளர் தம் அறிக்கையில் குறிப்பிடவும் வேண்டும். "தேவையென்றால் இதை அணைத்து வைக்கலாம்" என்று விற்பனையாளர் சலுகைபோலச் சொன்னால் அதை வாங்காதீர்கள்.

கணினியில் வைக்கும் கணக்கின் காப்பு நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் எடுத்துவைக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும் சட்டம். எனவே முடிவு செய்யும் முன் உங்கள் தணிக்கையாளரை ஒருமுறை கலந்து பேசுங்கள்.

எந்த வகை, யாருக்கு?

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, டேலி போன்ற கணக்குப்பதிவு மென்பொருள். இதில் இருப்புக் கணக்கும் ஜி.எஸ்.டி. பில்லும் உண்டு. இதைக் கையாளத் தெரிந்த ஆட்கள் சிற்றூர்களிலும் கிடைக்கிறார்கள். இடுபொருள் கடை மட்டும் நடத்தும் சிறு நிறுவனத்துக்கு இது பெரும்பாலும் போதும். இரண்டாம் வகை, கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள். பல கொள்முதல் நிலையங்களும் பதப்படுத்தும் ஆலையும் உள்ளவர்களுக்கு இது ஏற்றது. இவற்றில் மும்பையில் உருவான ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் போன்றவை திறந்தமூல முறையில் உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மூன்றாம் வகை, உழவர் நிறுவனங்களுக்கென்றே செய்யப்பட்டவை. இவற்றில் உறுப்பினர் பதிவும் கொள்முதலும் நன்றாக இருக்கலாம்; கணக்குப் பகுதி சட்டப்படி முழுமையாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

மாட்டின் விலை மட்டுமல்ல, தீவனச் செலவும்

மாடு வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துவிட்டுத் தீவனச் செலவை மறப்போமா? ஐந்தாண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள். கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். ஒன்றின் விலை ரூ.25,000, இரண்டாம் ஆண்டு முதல் புதுப்பிப்பு ஆண்டுக்கு ரூ.5,000, பயிற்சி ரூ.10,000 என்றால் ஐந்தாண்டில் ரூ.55,000. இன்னொன்று மாதச் சந்தா ஆளுக்கு ரூ.700 மட்டுமே என்கிறார்கள். மூன்று பேருக்கு மாதம் ரூ.2,100; ஐந்தாண்டில் ரூ.1,26,000. 'இலவசம்' என்று வரும் மூன்றாவதற்கு நிறுவும் கூலி ரூ.40,000, சர்வர் வாடகை மாதம் ரூ.1,000 என்றால் ஐந்தாண்டில் ரூ.1,00,000. விலைகள் இடத்துக்கு இடம் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

2020 திட்டத்தில் சேர்ந்த அமைப்புக்கு நிர்வாகச் செலவுக்கான உதவி மூன்றாண்டுக்கு ரூ.18 லட்சம் வரைதான். நான்காம் ஆண்டுச் சந்தாவை உறுப்பினர்களின் பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும் என்பதை இன்றே நினைவில் கொள்ளுங்கள்.

சோதனைத் திடல் அமையுங்கள்

புதிய இரகத்தை முழு வயலிலும் விதைக்காமல் முதலில் பத்து சென்டில் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். மென்பொருளுக்கும் அதையே செய்யலாம்.

• விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் உறுப்பினர் மூவரின் சென்ற பட்டத்துக் கணக்கைக் கொடுத்து உங்கள் கண்முன் பதியச் சொல்லுங்கள். ஒருவர் கடன் வாங்கியவராகவும், ஒருவர் ஈரச் சரக்குப் போட்டவராகவும், ஒருவர் சரக்கைத் திருப்பி எடுத்தவராகவும் இருக்கட்டும்.

• பதிவதைக் கம்பெனி ஆள் செய்யக் கூடாது; நம் கடையில் வேலை பார்க்கும் பெண்ணோ பையனோ செய்ய வேண்டும். இரண்டு நாள் பயிற்சிக்குப் பின்னும் அவர்களால் முடியவில்லை என்றால் அது நமக்கானதல்ல.

• இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சீட்டுப் போட்டுப் பாருங்கள். அறுவடை நாளில் சிக்னல் இல்லை என்று வண்டிகளை வரிசையில் நிறுத்த முடியாது. இணையம் வந்ததும் பதிவுகள் விடுபடாமல், இரட்டிக்காமல் சேர்கின்றனவா என்றும் பாருங்கள்.

• தேர்ந்தெடுத்த பின்னும் குறைந்தது ஒரு மாதம் நோட்டும் மென்பொருளும் இணையாக ஓடட்டும். வாரம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிடுங்கள். கிடங்கு இருப்பை நேரில் எண்ணி, உறுப்பினர் பாக்கிகளை அவரவரிடம் கையொப்பம் பெற்றுத் தொடக்க இருப்பாகப் பதியுங்கள். தவறான தொடக்கத்தை எந்த மென்பொருளும் திருத்தாது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

கணக்குத் தரவுகள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். சந்தாவை நிறுத்தினாலும் எல்லாப் பதிவுகளையும் எக்செல் போன்ற பொது வடிவில் எடுத்துக்கொள்ளும் உரிமை வேண்டும். இதையும் வாங்கும் முன்பே ஒருமுறை செய்து பாருங்கள். கோளாறு என்று அழைத்தால் எத்தனை மணி நேரத்தில், எந்த மொழியில் உதவி கிடைக்கும் என்பதும் குறிக்கப்பட வேண்டும். உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் நம்மிடம் உள்ள பொறுப்புகள். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்து வரையறுக்க வேண்டும். ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பயன்படுத்தினால், திருத்தம் பதிவாகியும் செய்தவர் யார் என்று தெரியாது. இறுதி முடிவை இயக்குநர் குழுக் கூட்டத்தில் எடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள்.

நான் சொன்ன அந்த நிறுவனத்தார் பின்னர் இதே முறையில் வேறு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று விற்பனையாளர்களிடமும் முதலில் கொடுத்தது அந்தப் பெரியவரின் சென்ற பட்டத்துக் கணக்கைத்தான். ஒருவர் மட்டுமே ஒரே தாளில் பதில் எடுத்துக் காட்டினார். அந்தத் தாளைப் பெரியவரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார் மேலாளர்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். உழவர் நிறுவனத்தில் போடுவது உறுப்பினரின் ஒரு பட்டத்து உழைப்பு. ஆகவே இயக்குநர்கள் இந்த வாரமே மூன்று உறுப்பினர்களின் கணக்கை நோட்டிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கையால் எழுத முடியாத கணக்கைக் கணினி எழுதித் தராது. எழுத முடிந்தால், அந்தத் தாளே நீங்கள் வாங்க வேண்டிய மென்பொருளுக்கான உரைகல்.